பணியிட நல உளவியலை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது? சென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"சைக்காலஜி படிக்கணும், ஆனால் ஆஸ்பத்திரி பக்கம் போக விருப்பமில்லை, கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் மனநலம், உடல்நலம் பற்றிப் படிக்க வழி இருக்கா?" என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் எச்ஆர் வேலையில் இருப்பவர்கள், இல்லையென்றால் பி.எஸ்சி. கடைசி வருடத்தில் அடுத்து என்ன என்று முழிப்பவர்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

படி 1: இது என்ன பாடம் என்று முதலில் தெளிவாகுங்கள்

ஆக்குபேஷனல் ஹெல்த் சைக்காலஜி என்பார்கள். தமிழில் பணியிட நல உளவியல் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயர் 1990-இல்தான் ஆய்வுக் கட்டுரைகளில் நிலைபெற ஆரம்பித்தது, அதற்கென்று தனி ஆய்விதழ் வந்தது 1996-இல். பெயர் புதுசு, விஷயம் பழசு.

பக்கத்து வீட்டுப் பாடங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மருத்துவ உளவியலாளர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு என்ன ஆச்சு என்று பார்க்கிறார். எச்ஆர், அந்த ஆள் அடுத்த மாதமும் வேலைக்கு வருவாரா என்று பார்க்கிறது. நாம் கேட்பது வேறு கேள்வி: ஒரே நாற்காலியில் வருடத்துக்கு ஒருவராகப் பத்துப் பேர் உட்கார்ந்து, அதில் ஏழு பேருக்குத் தூக்கம் போச்சு என்றால், அந்த நாற்காலியில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி பிடித்தால் மேலே படியுங்கள். பிடிக்காவிட்டால் கவுன்சலிங் படிப்பு உங்களுக்கு அதிக சந்தோஷம் தரும், சத்தியமாகச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது பேராசிரியர்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள், பின்னால் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் நின்றார்கள். அவர்களுடைய குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. இன்றைக்கு இதையே வேலையிலிருந்து மீளும் நேரம் என்று பெயர் வைத்து, வினாத்தாள் போட்டு, கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

படி 2: புத்தகத்துக்கு முன்னால் ஒரு வேலையைப் பாருங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம் என்று படுகிறது. உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மணி நேரம் சும்மா கவனியுங்கள். கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை வேண்டவே வேண்டாம், ஒரு நோட்டு மட்டும் போதும்.

நான் போனது தி.நகரில் ஒரு துணிக்கடை. பண்டிகை இல்லாத சாதாரண வியாழக்கிழமை. இரண்டாவது மாடியில் புடவைப் பிரிவு. ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், ஒரு காலை ஊன்றி மற்றதைச் செருப்புக்கு மேல் லேசாக வைத்துக்கொள்கிறாள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாறுகிறது. வாடிக்கையாளர் வந்ததும் இரண்டு கால்களும் நேராகிவிடும், முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அவர்கள் பதினெட்டுப் புடவை பிரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று போனதும் சிரிப்பு அப்படியே நின்று, பதினெட்டும் மடிப்புக்குத் திரும்புகிறது. அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அந்த ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும், சமயம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று ஆக்கினார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. அவளிடம், "ஸ்டூல் இருக்கே, கொஞ்ச நேரம் உக்காரலாமே?" என்று கேட்டேன். கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்ன நானேதான், தாங்கவில்லை. அவள் கேமரா இருக்கும் பக்கம் கண்ணைக் காட்டி, "உக்காந்தா சும்மா இருக்கேன்னு நெனப்பாங்கக்கா" என்றாள்.

இந்த ஒரு வரியில் பாதிப் பாடம் இருக்கிறது. உட்கார உரிமை இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது, ஆனால் எப்போது உட்காரலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை. உங்கள் நோட்டில் எழுத வேண்டியதும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான்: இந்த வேலை என்னென்ன கேட்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடலாம், தப்பு நடந்தால் என்ன ஆகும், எப்போது மூச்சு விடலாம், வேலைக்குப் பதிலாகப் பணம் தவிர வேறென்ன கிடைக்கிறது.

படி 3: ஐந்தாறு கோட்பாடுகளை ஒழுங்காகப் படியுங்கள், நாற்பது வேண்டாம்

நோட்டு கையில் இருந்தால் கோட்பாடு சுலபமாக ஏறும். இல்லாவிட்டால் பெட்டியும் அம்புக்குறியுமாகப் பார்த்துப் பார்த்துத் தூக்கம்தான் வரும்.

முதலில் ராபர்ட் கராசெக், 1979. வேலையின் சுமை மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, சுமை அதிகமாகவும் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைவாகவும் இரண்டும் சேரும்போதுதான் மனசுக்கு நெருக்கடி முற்றுகிறது என்றார். பிறகு 1988-இல் ஜான்சனும் ஹாலும் மூன்றாவதாகக் கூட இருப்பவர்களின் ஆதரவைச் சேர்த்தார்கள். நம் மாநகரப் பேருந்து ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். டிராஃபிக் அவர் கையில் இல்லை, நேர அட்டவணை அவர் போட்டதில்லை, ஏறும் கூட்டமும் அவர் சொல் கேட்காது, ஆனால் லேட்டானால் திட்டு மட்டும் அவருக்கு. இது வெறும் தத்துவம் இல்லை: ஐரோப்பாவில் 13 ஆய்வுக் குழுக்களின் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரின் தகவலைச் சேர்த்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப்பட்ட நெருக்கடி வேலையில் இருப்பவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெரிய எண்ணும் இல்லை, ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணும் இல்லை.

கராசெக்கோடு சேர்த்து மைக்கேல் மார்மட்டின் வைட்ஹால் ஆய்வுகளையும் படியுங்கள். லண்டனில் அரசு அலுவலகப் பணியாளர்களை 1967-லிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். யாரும் பட்டினி இல்லை, எல்லாரும் அலுவலக வேலைக்காரர்கள், ஆனால் பதவிப் படியில் ஒவ்வொரு படி கீழே இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடியது. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம், பியூனுக்கு என்ன கவலை என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அது தப்பு.

அடுத்து யோஹானஸ் சீக்ரிஸ்ட், 1996. போடும் உழைப்புக்கும் திரும்பக் கிடைப்பதற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் உடம்பு கணக்குத் தீர்க்கும் என்பது இவர் வாதம். திரும்பக் கிடைப்பதில் மூன்று உண்டு: பணம், மரியாதை, வேலை நிரந்தரமும் முன்னேற்றமும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்களே, அந்தக் கோரிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு இவரைப் படியுங்கள். மூன்றாவது பகுதி ஏன் தனியாக இருக்கிறது என்று புரிந்துவிடும்.

வேலை நம்மிடம் கேட்பது ஒரு பக்கம், அதைச் சமாளிக்க நமக்குக் கிடைப்பது மறுபக்கம் என்று பிரித்து, 2001-இல் டெமெரூட்டி, பாக்கர் முதலானவர்கள் கொண்டுவந்த தேவைகள்-வளங்கள் மாதிரி இன்று எல்லா எச்ஆர் பிரசன்டேஷனிலும் வருகிறது. பயனுள்ளதுதான், ஆனால் அதில் எதை வேண்டுமானாலும் போட்டு அடைக்கலாம் என்பது என் குறை, எனவே கடைசியாகப் படியுங்கள்.

பர்ன்அவுட் பற்றிக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அதை அளக்கும் கருவியை வெளியிட்டார். அதில் மூன்று பகுதி: வற்றிப்போவது, வேலையிலும் மனிதர்களிலும் ஒட்டாமல் போவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. வெறும் களைப்பு மட்டும் பர்ன்அவுட் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் குறிக்கிறது. யாராவது உங்களிடம் "எனக்கு பர்ன்அவுட் நோய்" என்றால் திருத்தப் போகாதீர்கள், ஆனால் நீங்கள் எழுதும்போது சரியாக எழுதுங்கள்.

ஆர்லி ஹாக்சைல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்துச் சொன்ன உணர்ச்சி உழைப்பும் சேர வேண்டும், துணிக்கடைச் சிரிப்பு அதுதான். கடைசியாக வேலையிலிருந்து மனசு கழன்றுகொள்வது. ஜெர்மனியில் சபீன் ஸோன்னன்டாக் இதைப் பல வருடமாக ஆராய்கிறார். ராத்திரி பத்தரைக்கு டீம் வாட்ஸ்அப் குரூப்பில் "கைண்ட் ரிமைண்டர்" வந்து விழுகிறதே, பதில் போடாவிட்டாலும் மனசு ஆபீசுக்குப் போய்விடுகிறதே, அந்த விஷயம்.

படி 4: தமிழில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் அசிங்கப்பட்ட இடம் இது.

அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனி, பேர் வேண்டாம். முதல் சர்வே, ரொம்ப ஆர்வம். ஆங்கில வினாத்தாளை ஒரே ராத்திரியில் மொழிபெயர்த்தேன். மறுநாள் சூப்பர்வைசரே தாள்களை விநியோகம் செய்து, பக்கத்திலேயே நின்று, அரைமணியில் வாங்கியும் கொடுத்துவிட்டார். நான் நன்றி வேறு சொன்னேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் எல்லாத் தாளிலும் 4, 5, 4, 5. பூலோக சொர்க்கம். ஒரே ஒருவர் மட்டும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "மேடம், நெஜமா எழுதணுமா?" என்று எழுதியிருந்தார்.

பயம் ஒரு காரணம். இன்னொன்று என் தமிழ். "நான் அரிதாகவே சோர்வடைகிறேன்" என்று போட்டு, எதிரே எப்போதும் முதல் ஒருபோதும் இல்லை வரை கட்டங்கள். அரிதாகச் சோர்வடைவது எப்போதும் நடக்கிறதா என்று கேட்டால் யாருக்குத்தான் புரியும்? "என் வேலையைச் செய்வதில் எனக்குச் சுதந்திரம் உண்டு" என்று இன்னொன்று. அதைப் பார்த்த ஒரு பெண் என்னிடமே கேட்டார்: "சுதந்திரம்னா என்னாக்கா, டீ குடிக்க வெளிய உடுறதா?" இப்போது அந்தக் கேள்வியை, "எந்த வேலையை முதலில் முடிப்பது என்று நீங்களே முடிவு செய்ய முடிகிறதா?" என்று கேட்கிறேன். பதில் வருகிறது.

மன அழுத்தம் என்ற சொல் இன்னும் ஆபத்து. செய்தித்தாளில் ஒருநாள் அது ஸ்ட்ரெஸ், மறுநாள் டிப்ரெஷன். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டு இரண்டையும் தாளில் பிரித்தே எழுதுங்கள். தொழிலாளர்களிடம் பேசும்போது இரண்டு சொல்லும் வராது: "டென்ஷன்" என்பார்கள், அது பாதி கோபம். "பிரஷர்" என்றால் ரத்தக்கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றுதான் அடுத்த பேச்சு. "டார்ச்சர்" என்றால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். "மனசு உட்டுப்போச்சு" என்பதுதான் மாஸ்லாக் சொன்ன மூன்றில் கடைசி இரண்டுக்கு நான் கேட்டதிலேயே நெருக்கமான சொல். ஒரு சின்ன நோட்டில் இந்தச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், யார், எப்போது, எதைப் பற்றிச் சொன்னார்கள் என்று.

முறைப்படி செய்வதென்றால்: ஒருவர் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திய பிறகு, பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து "இதுல என்ன கேக்குறாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. அதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 5: அளவுகோல்களில் எது இலவசம், எது காசு

மாஸ்லாக் கருவிக்கு உரிமக் கட்டணம் உண்டு, இணையத்தில் கிடைக்கும் திருட்டுப் பிரதியை வைத்து ஆய்வேடு எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் கோபன்ஹேகன் பர்ன்அவுட் வினாத்தாள் இலவசம். பணியிடச் சூழலை முழுதாக அளக்க கோப்சாக் என்ற கோபன்ஹேகன் வினாத்தாள் இருக்கிறது, பல நீளங்களில். பிரிட்டன் அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் 35 கேள்விக் கருவியும் இலவசம், சுமை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றம் என்று ஆறு தலைப்புகளில் பிரித்துக் காட்டும். ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் ஆறுமே வேலையைப் பற்றியவை, ஆளின் குணத்தைப் பற்றியவை இல்லை.

சுருக்கமாக வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல அளவுகோல். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். ஒருவர் 2, 1, 2, 3, 1 போட்டால் கூட்டுத்தொகை 9, மதிப்பு 36. ஐம்பதுக்குக் கீழே போனால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை.

படி 6: புள்ளியியலும் சந்தேகப் புத்தியும்

ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள், ஒரு வார இறுதியில் பழகிவிடலாம். பிறகு முடிந்தால் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி. ஐஐடி மெட்ராஸ் பங்கெடுக்கும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் புள்ளியியல், நிறுவன நடத்தை பற்றிய பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். கணக்கு எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டு இந்தத் துறைக்கு வராதீர்கள், கொஞ்சம் வரவைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைவிட முக்கியம், யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போய்விட்டார்கள் என்று கேட்கும் பழக்கம். லண்டன் பேருந்துக் கதை இதற்கு அருமையானது. 1953-இல் ஜெரி மோரிஸ், மாடிப் பேருந்தில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு, உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு அதிகம் என்று காட்டினார். உடற்பயிற்சியின் பெருமை உலகம் முழுக்கப் பரவியது. மூன்று வருடம் கழித்து அவரே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பெரிதாக இருந்திருக்கிறது! வேலை ஆளை மாற்றியதா, இல்லை வேறுமாதிரி ஆட்கள் அந்த வேலைக்கு வந்தார்களா? தன் முடிவைத் தானே இப்படிக் குடைந்து பார்த்த மோரிஸுக்கு ஒரு கும்பிடு. (சென்னையில் இதை அப்படியே பொருத்த முடியாது. நம் கண்டக்டர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார், காசுதான் கைமாறிக் கைமாறி நடந்து போய், டிக்கெட்டாகத் திரும்பி வரும்.)

இதே புத்தியோடு, ஊழியர் நலத்துக்கென்று கம்பெனிகள் நடத்தும் வெல்னஸ் திட்டங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 4,800 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் வெல்னஸ் திட்டத்தில் சேரும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவிலோ விடுப்பிலோ குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஆனால் வாய்ப்பு கிடைத்தவர்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால் திட்டம் பிரமாதம் என்று தோன்றும், காரணம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்கள்தான் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பேர் தகவலை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்விலும், மன உறுதிப் பயிற்சி, தியான ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. அது ஒரே சமயத்தில் எடுத்த தகவல், ஆகவே கடைசித் தீர்ப்பு இல்லை. இருந்தாலும் ஓஎம்ஆரில் ஒரு ஜும்பா வகுப்பும் பழக்கூடையும் வைத்துவிட்டு "வீ கேர்" என்று போஸ்டர் ஒட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினையைச் சரிசெய்ய எடுக்கும் நடவடிக்கைகளை இந்தத் துறையில் மூன்று நிலையாகப் பிரிப்பார்கள்: வேலையை மாற்றுவது, ஆளைத் தயார்ப்படுத்துவது, பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை. நான் பார்த்த கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன, அதுதான் மலிவு. முதலாவதைத் தொட்டால் ஷிஃப்ட், ஆள் எண்ணிக்கை, மேலாளர் என்று எல்லாம் அசையும். நேர அளவைத் தொடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாமே பார்த்தோம்: 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் ஒரு உளவியலாளர் எடுத்து வைக்கக்கூடிய ஆதாரமும் இருந்தது: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லியிருந்தன.

படி 7: சென்னையில் எங்கே படிப்பது

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சேர்க்கை விதிகள் வருடா வருடம் மாறும், நேரில் போய்க் கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, மாநிலக் கல்லூரியிலும் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் உளவியல் படிக்கலாம். எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் கவுன்சலிங் சைக்காலஜியும் எச்ஆரும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன, இந்தத் துறைக்கு அது ஒரு வசதி. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில், வெயிலிலும் சூட்டிலும் வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றி நல்ல ஆராய்ச்சி நடக்கிறது, உளவியல் இல்லாவிட்டாலும் தேடிப் படியுங்கள். பணியிட நல உளவியல் என்று தனிப் பட்டம் தேடி அலையாமல், உளவியல் முதுகலையில் நிறுவன உளவியலும் நல உளவியலும் இருக்கிறதா, ஆய்வேட்டுக்குத் தொழிற்சாலைக்குப் போக விடுவார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டச் சேர்க்கையை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்தச் சொல்லிவிட்டது. எவராவது வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. என்று போன் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, இந்தப் படிப்பை முடித்துவிட்டு உங்களை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு வேண்டும்.

படிக்க இடம் வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கவே இருக்கிறது. நான் பாதிப் புள்ளியியலை அந்த ஏசியில்தான் கற்றேன்.

படி 8: முதல் களப்பணியை எப்படிச் செய்வது

சின்னதாகச் செய்யுங்கள், ஒரு பிரிவு, முப்பது நாற்பது பேர். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தனித்தாள்களை அவர்கள் பார்க்கக் கூடாது, பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்குத் தனி அறிக்கை கிடையாது. பேர் எழுதச் சொல்லவில்லை என்பதால் ரகசியம் காப்பாற்றப்பட்டதாக நினைக்காதீர்கள். பேக்கிங் பிரிவு, பெண், வயது 45-க்கு மேல் என்று மூன்று கட்டம் டிக் அடித்தால் அந்தக் கம்பெனியில் அது ஒரே ஒரு அக்காதான், எல்லாருக்கும் தெரியும்.

பேசும்போது யாராவது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி சொன்னால், நோட்டை மூடிவிடுங்கள். அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இல்லையென்றால் சுகாதார உதவி எண் 104-ஐக் கூடவே இருந்து அழைத்துக் கொடுங்கள். பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் 2013 சட்டத்தின்படி அமைந்த உள் குழுவுக்குப் புகார் போக வேண்டிய வழியைச் சொல்லுங்கள், நீங்களே விசாரணை நடத்தக் கிளம்பாதீர்கள். இந்த இரண்டுக்கும் என்ன செய்வது என்று போவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது.

வேலை வாய்ப்பு பற்றிக் கேட்பீர்கள். எச்ஆர், கம்பெனிகளுக்குக் கவுன்சலிங் சேவை தரும் நிறுவனங்கள், கம்பெனிகளின் பணிப் பாதுகாப்புப் பிரிவு, ஆராய்ச்சி, தொழிலாளர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள். இந்தப் படிப்பின் பெயரிலேயே வரும் வேலை விளம்பரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, வேறு பெயரில் உள்ளே போய்த்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. எட்டு மாதம் கழித்து அதே கம்பெனிக்குத் திரும்பப் போனேன். இந்த முறை சூப்பர்வைசர் இல்லை, கேன்டீனில் சீல் வைத்த பெட்டி, திருத்திய தமிழ். எல்லாரும் சொன்னது உற்பத்தி இலக்கைப் பற்றி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. லைனில் நிற்கும் பெண்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும், மூன்று லைனுக்கு ஒரே ரிலீவர், அவரும் பாதி நாள் வேறு வேலைக்குப் போய்விடுவார். எனவே காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, எரிச்சல், சிறுநீர்த் தொற்று, வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் மேல் கத்தல். முதல் சர்வேயில் இவர்கள்தான் எனக்கு 4, 5 போட்டவர்கள், ஏனென்றால் என் தாளில் ரிலீவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

அறிக்கையில் இதை முதல் பக்கத்திலேயே வைத்தேன். இன்னொரு ரிலீவர் போடச் சம்மதித்தார்கள், கூடவே சனிக்கிழமை யோகா வகுப்பும் தொடங்கினார்கள். போன மாதம் அந்தப் பென்சில்காரரைப் பார்த்தேன். யோகாவுக்கு யார் போகிறார்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "ரிலீவர் ஒருத்தர் வந்துட்டாரு மேடம், மூணாவது லைனுக்கு இன்னும் வரலை" என்றார்.